காணாமல் போனவளின் அம்மா வராத நாவல்

என் கூடப்பிறந்த அக்காவின் மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். மாத்தளைக்கு வரும்போதெல்லாம் எனக்கு நாலைந்து நாவல் கொண்டுவருவாள். அடுத்த முறை வந்து பையை இறக்கி வைக்கும் முன்பே, "எப்பிடி சின்னம்மா?" என்பாள். நான் உள்ளதைச் சொல்லுவேன். போன தடவை பரிசு வாங்கிய நாவல் ஒன்று தந்திருந்தாள். அதில் முதல் ஐம்பது பக்கம் ஒருத்தர் ஜன்னலைத் திறக்கிறார், மூடுகிறார், பிறகு அதைப் பற்றி யோசிக்கிறார். "வீடு நல்லா கட்டியிருக்காரு, உள்ளதான் ஆளக் காணோம்" என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்ததைக் கையில் கொடுத்தாள்.

அடுத்தது கல்லூரிக் கொலைக் கதை. இந்த மாதிரிக் கதைகளுக்கு இங்கிலீஷில் தனிப் பெயரே இருக்கிறதாம். சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. எல்லாம் ஒரே சாமான்தான். மலைமேல் பழைய கல்லூரி, கறுப்புக் கோட்டுப் போட்ட ஐந்து பிள்ளைகள், மெழுகுவத்தி, செத்த மொழியில் பாட்டுச் சொல்லும் ஒரு வாத்தியார். மழை விடுவதே இல்லை. அவ்வளவு மழைக்கும் ஒருத்தருக்கும் தடிமல் பிடிப்பதில்லை. பரீட்சை எப்போது எழுதுகிறார்கள் என்றும் தெரியவில்லை. இருந்தும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயப்படுத்தத் தெரிந்த ஆள் எழுதியது.

"அப்ப நல்லதுதானே?" என்றாள்.

"செத்த புள்ளைக்கு அம்மா இருக்காளான்னு தேடிப் பாத்தேன். இல்ல."

"அது என்ன சின்னம்மா கணக்கு?"

அந்தக் கணக்கு எங்கே பிடித்தது என்று அன்றைக்கு அவளிடம் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நான் மாத்தளை டவுனில் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் வேலை செய்தேன். முதலாளி ஒரு ஹாஜியார். நாங்கள் பதினொரு பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து கராம்பு ஆய்வோம். நல்ல கராம்பு ஒரு பக்கம், தலை உதிர்ந்தது ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். நான் மட்டும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு நாவல் வாசிப்பேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மிச்சத்தை நானாகவே படித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பதினொரு பேரில் தடங்கலில்லாமல் வாசிக்கிற ஆள் நான்தான். நான் வாசிக்கும் நேரத்தில் என் சுளகு வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு கைப்பிடி ஆய்ந்ததை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம். ஹாஜியாரும் தடுக்கவில்லை.

"வாசிங்க புள்ள. வாய் மூடி ஈந்தாத்தான் இவங்கட கை ஓடுது" என்பார்.

எந்தப் புத்தகத்தையும் வீட்டில் முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஸ்டோருக்குக் கொண்டுபோவேன். பின்வரிசையில் வயதான முஸ்லிம் பெண் ஒருவர் இருந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நாங்களும் அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டோம். அவர் முன்னால் வாசிக்கக் கூடாத இடங்களைத் தாண்டிப் போவேன். அதற்கும் அவரிடம்தான் பேச்சு வாங்குவேன். "ரெண்டு தாளச் சேத்துப் பெரட்டினத நான் கண்டன். அதுல என்ன ஈந்தது, செல்லுங்க பாப்பம்" என்பார்.

ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். புத்தகத்தை விட அதுதான் எனக்கு ருசி. நான் எந்த நாவலையும் மட்டுக்கட்டப் பழகியது அந்தச் சாக்குகளின் மேல்தான்.

அந்த வருடம் மதராஸில் இருந்து வந்த மாத நாவல் ஒன்றை எடுத்திருந்தேன். அதுவும் கல்லூரிக் கதை. மலை, பழைய கட்டடம், நூலகம், ஒரு பேராசிரியரைச் சுற்றி ஐந்து மாணவர்கள். அட்டையில் மணிக்கூண்டும் அதில் இருந்து ஒழுகும் ரத்தமும். தொடங்கும்போது எனக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

வெளியே நாடு வேறு மாதிரி இருந்தது. அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பையன்களிடம் இருந்து, கடையை மூடு என்று கையால் எழுதிய துண்டு வரும், டவுன் முழுக்க மூடும். திற என்று ஆமிக்காரர் வந்து கதவில் தட்டுவார்கள், திறக்க வேண்டும். பஸ் ஓடக்கூடாது என்று இன்னொரு துண்டு. காலையில் பாலத்தடியில் பிணத்தைச் சுற்றி ஆட்கள் கூடி நின்றால் நாங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் வேலைக்கு வருவோம். ஸ்டோரில் முன்கதவை அடைத்து, பின்பக்கம் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு ஆய்ந்தோம். வெளிச்சம் அந்தப் பலகை அளவுதான். நான் அதன் கீழே உட்கார்ந்து வாசித்தேன்.

எங்களில் ரத்தோட்டைப் பக்கம் இருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார். புருஷன் இல்லை. ஒரே மகள். அந்த மகள் கண்டிப் பக்கம் கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவர்கள் தோட்டத்து லயத்தில் இருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை. எழுத வாசிக்கத் தெரியாத அக்கா, அந்த நாவலைத் திருத்துவதில் முன்னுக்கு நின்றார்.

"கெம்பஸ்ல அப்பிடியெல்லாம் இல்ல புள்ள. எம்புள்ள குளிக்கிறதுக்கே வாளியத் தூக்கிக்கிட்டு கியூவுல நிக்கிறா. இவங்களுக்கு மட்டும் கொல பண்ண தனி ரூம் எங்க கெடச்சிச்சு?"

"வாத்தியார் குடுத்திருப்பாரு" என்றார் தாத்தா. "பாடம் செல்லிக் குடுக்க விருப்பமில்லாத வாத்தியார்."

ஆறாவது அத்தியாயத்தில் இருந்தபோது கெம்பஸை மூடினார்கள். கெம்பஸ் பிள்ளை என்றாலே அந்தக் கூட்டம் என்று ஆமிக்காரருக்குச் சந்தேகம். பிள்ளைகள் கிடைத்த வாகனத்தில் ஏறி வீடு வந்து சேர்ந்தார்கள். யட்டவத்தையில் ஒரு பையன் நடந்தே வந்தானாம். அக்காவின் மகள் வரவில்லை. முதல் கிழமை, "பஸ் இல்ல, அதான்" என்றார் அக்கா. நாங்களும் பஸ் இல்லை, அதான் என்றோம். தபாலும் ஓடவில்லை. இரண்டாம் கிழமை அவர் எதுவும் சொல்லவில்லை. கராம்பு மட்டும் முன்னை விட வேகமாக ஆய்ந்தார்.

நாவலில் எட்டாவது அத்தியாயத்தில் ஐவரில் ஒருத்தி காணாமல் போகிறாள்.

எனக்கு முடிவு தெரியும். மற்ற நால்வரும் சேர்ந்து அவளைக் கொன்று, நூலகத்துக்கு அடியில் பூட்டிக் கிடக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். அன்று காலை புத்தகத்தைப் பையில் இருந்து எடுக்காமல், தொலைந்துபோச்சு என்றேன்.

"நேத்து ஒன் பையில இருந்துச்சே" என்றார் அக்கா.

"பாக்கணும்க்கா."

"பாக்க ஒண்ணுமில்ல. வாசி. நீ நிப்பாட்டுனா நான் என்னான்னு நெனக்கிறது?"

நான் எடுத்தேன். அந்தப் பெண் காணாமல் போனதை வாசித்தேன். முடிந்ததும் வழக்கமான அபிப்பிராயம் எதுவும் வரவில்லை. அக்காதான் பேசினார். "அந்தப் புள்ள வந்து சேரட்டும். வந்துட்டா எனக்கு ஒரு தெம்பு" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

நான் செய்த பிழை அங்கேதான் தொடங்கியது. மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். அந்தப் பெண் மலைப்பாதையில் வழி தவறி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள், அங்கே ஒரு கங்காணி வீட்டில் சாப்பாடு கொடுக்கிறார்கள், காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அது பாட்டுக்கு வாயில் வந்தது. இட்டுக்கட்டும்போது நாக்கு எப்படிச் சுலபமாக ஓடுகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. பத்துப் பேரும் ஆய்வதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தாளையே பார்த்தபடி இருந்தேன்.

மூன்றாம் நாள் பகல் தேத்தண்ணி நேரம் பின்பக்கக் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"மூணு நாளா ஒரே தாள்லயே நிக்கிற."

கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

"மொத நாளு ஒரு தாளு பெரட்டுன. நேத்து இல்ல. இன்னைக்கும் இல்ல. எனக்கு எழுத்துத் தெரியாது. தாளு தெரியாதா?"

எத்தனை ஆயிரம் கராம்பிலும் தலை உதிர்ந்த ஒன்றை ஒரே பார்வையில் பிடிக்கிற கண் அது. அதை மறந்துவிட்டேன்.

"பொஸ்தகத்துல உள்ளதச் சொல்லு."

"அக்கா, அது சும்மா கத."

"கதன்னு எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். கொன்றவர்கள் யார், எங்கே போட்டார்கள், எத்தனை நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள் என்று எல்லாம் சொன்னேன். குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தேன் போலிருக்கிறது, அக்கா கை நீட்டி அதை மூடினார்.

"அவ அம்மா என்ன செஞ்சா?"

"அம்மா கதையில வரலக்கா."

"வரலன்னா? செத்துட்டாளா?"

"இல்ல. கடைசியில வீட்டுக்குத் தந்தி அடிச்சதா ஒரு வரி வருது. அவ்வளவுதான்."

"அத்தன நாளும் அவள வீட்ல இருந்து ஒருத்தரும் தேடிப் போகலயா?" என்றார் அக்கா. "போலீசு தேடுது, வாத்தியார் தேடுறாரு. பெத்தவ வீட்ல குந்திக்கிட்டு தந்தியப் பாத்துக்கிட்டு இருக்கா. எழுதுனவனுக்கு வெவரம் பத்தல."

பிறகு சொன்னார்: "நானும் அதத்தான் செஞ்சுகிட்டு இருக்கேன், பாரு. அங்க பாத்தா தந்தி, இங்க பாத்தா நீ வாசிக்கிற கடுதாசி. நாளைக்கு நான் போறேன்."

நானும் வருகிறேன் என்றேன். தைரியத்தில் சொன்னதல்ல. அந்த மூன்று நாளை நான் அவரிடம் இருந்து எடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஹாஜியார் முதலில் கூடாதென்றார். பிறகு, "அக்குறணைக்கு லொறி போகுது. அதுக்கங்கால அல்லா பாத்துக்குவான்" என்றார். விடிந்ததும் மிளகுச் சாக்குகளுக்கு இடையில் இரண்டு பேரும் உட்கார்ந்து போனோம். அக்குறணையில் இறங்கி நடந்தோம். தெருவில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓரிடத்தில் தெருவுக்குக் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருந்தது. அதன் மேல் ஏறிக் கடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டை கேட்டார்கள், பையைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். தண்ணீர்ப் போத்தல், பாண், துவாய், அதோடு அந்த நாவல். பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறேன். ரத்தம் ஒழுகும் மணிக்கூண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

ஒரு ஆமிக்காரர் அதைத் துவக்கு முனையால் புரட்டினார். என்னை விடச் சின்ன வயது இருக்கும். "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கதைப் புத்தகம் சேர்."

"எதைப் பற்றி?"

பொய் சொல்ல நினைத்தேன். இட்டுக்கட்டிச் சொல்லி மூன்று நாள் போன வாய், அந்த இடத்தில் ஓடவில்லை. "கெம்பஸில் ஒரு பிள்ளை சாகிற கதை" என்றேன்.

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது.

"யார் கொல்லுகிறது?"

"கூடப் படிக்கிறவர்கள்."

அவர் புத்தகத்தைக் கையில் எடுத்து, தமிழ் எழுத்தை ஏதோ படம் பார்க்கிற மாதிரி பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தார் என்று தெரியாது.

"நல்ல கதையா?"

"முதல் பாதி நல்லது சேர். முடிவு சரியில்லை."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புத்தகத்தை மணல் மூட்டைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். பாலத்தைக் கடந்து நெடுந்தூரம் வந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார். "அவங்கிட்டயும் அபிப்பிராயம் சொல்ற நீ."

மகள் வாடகைக்குத் தங்கியிருந்த போர்டிங் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. வீட்டுக்காரி ஒரு சிங்கள நோனா. கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்றார். அக்கா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சிங்களத்தில், "இவர் அந்தப் பிள்ளையின் தாய். மாத்தளையில் இருந்து லொறியிலும் நடந்தும் வருகிறோம்" என்றேன்.

நோனா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கதவு திறந்தது.

மகள் குசினிக்குப் பின்னால் விறகு வைக்கிற அறையில் இருந்தாள். பதினேழு நாள் நோனா அவளை அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். நோனாவின் பழைய கவுனைப் போட்டிருந்தாள், தோளில் நிற்கவில்லை. அக்கா அவளை மேலும் கீழும் பார்த்து, "இது யாரு சட்ட?" என்றார். அந்தக் கவுனின் கையைப் பிடித்து இழுத்து இழுத்துத் தோளில் சரி பண்ணிக்கொண்டே இருந்தார். மகள் அழுதாள். நானும் நோனாவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாமான் எடுக்க மகளின் அறைக்குப் போனபோது அங்கே இரண்டு கட்டில் இருந்தது. ஒன்றில் போர்வை மடித்தபடி இருந்தது. கொடியில் ஒரு துவாய் காய்ந்து விறைத்துப்போய்த் தொங்கியது.

"இந்தக் கட்டில் யாருது?" என்றார் அக்கா.

மகள் சொன்னாள். கூட இருந்த சிங்களப் பிள்ளை, தெற்கே கடற்கரை ஊர். கெம்பஸ் மூடின மறுநாள் பகலில் நம்பர் இல்லாத வாகனத்தில் ஆட்கள் வந்து அவளைக் கூட்டிப் போனார்கள். மகள் அப்போது கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவள் இருக்கிறாள்.

"அந்தப் புள்ளயோட அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் அதைச் சிங்களத்தில் கேட்டேன். நோனாதான் மெல்லச் சொன்னார், விலாசம் கொப்பியில் இருக்கிறது, ஆனால் தன் கையெழுத்தில் எழுதப் பயமாக இருக்கிறதென்று. கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம். மகளின் எழுத்து கெம்பஸில் எல்லாக் கடதாசியிலும் இருக்கிறது.

அக்கா என்னைப் பார்த்தார். "ஒன் எழுத்த இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

எனக்குச் சிங்களம் பேச வரும். எழுத்து, பஸ் போர்டிலும் பட போஸ்டரிலும் பார்த்துப் பிடித்ததுதான். நோனா ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன். உங்கள் மகளை இன்ன நாள் பகல் இந்த வீட்டில் இருந்து ஆட்கள் வாகனத்தில் கூட்டிப் போனார்கள், வாகனத்தில் நம்பர் இல்லை, திரும்பி வரவில்லை. நோனா அழுதுகொண்டே, "கட்டாயம் வருவாள் என்று ஒரு வரி போடு, பாவம் தாய்" என்றார். நான் எழுதத் தொடங்கினேன்.

"அழுறாங்களே நோனா, அது என்ன வரி?" என்றார் அக்கா.

"கட்டாயம் வருவாள்னு போடச் சொல்றாங்கக்கா."

"வருவாளா?"

"தெரியாது."

அக்கா என் கையில் இருந்து பேனையை வாங்கினார். வாழ்க்கையில் பேனை பிடித்திராதவர், அகப்பையைப் பிடிப்பது போலப் பிடித்து, அந்த அரை வரியைத் தாள் கிழிகிற அளவுக்கு அடித்துத் தள்ளினார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, "ஒடனே வரச் சொல்லி எழுது. அந்தம்மா குந்தியிருக்கக் கூடாது" என்றார்.

எழுதினேன். வரும் வழியில் கண்டித் தபால் கந்தோர் பூட்டிக் கிடந்தது. வெளியே இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டோம். அக்கா ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களைப் பெட்டி வாய்க்குள் விட்டு, கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார்.

அனுப்புகிறவர் விலாசத்தை நாங்கள் எழுதவில்லை, பயம்தான். அதனால் அந்த அம்மாவுக்குக் கடிதம் கிடைத்ததா, அவர் தேடிக் கிளம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.